பார்வைக் குட்டி

மார் இரண்டும் கல்லாய்க் கட்டிக் கிடந்தன. கையைத் தூக்கினால் கக்கத்திலிருந்து முதுகுவரை சுண்டி இழுத்தது. பிள்ளையைப் புதைத்தாயிற்று, பாலுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாள், வத்தலக்குண்டு பஸ்ஸில் சொல்லி வரவழைத்த மல்லிகையை மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். பூ கறுத்து அழுகல் வாடை அடித்ததுதான் மிச்சம். வேலம்மாவுக்கு அழுகை வரவில்லை. பிள்ளை செத்த அன்றும் வரவில்லை. உடம்பு நொந்ததே ஒழிய உள்ளே ஒன்றும் நோகவில்லை. மரத்துப்போன காலைத் தூக்கி வைத்து நடப்பதுபோல ஒவ்வொரு நாளையும் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

அன்று வெள்ளனே, பலகைச் சுவரின் இடுக்குகள் வெளுக்கும் நேரத்தில், வழக்கம்போல வௌவால்கள் திரும்பி வந்தன. கொடைக்கானல் நாயுடுபுரத்துச் சரிவில், பேரித்தோட்டத்து எல்லையில், பூட்டிக் கிடந்த பழைய துரை பங்களாவை ஒட்டி நின்ற தைலமரங்கள்தான் அவற்றுக்குக் குடியிருப்பு. பிளம்ஸ் முடிந்து பேரிக்காய் திரளும் பருவத்தில் கீழ்மலையிலிருந்து ஏறி வந்து, உச்சிக் கொப்புகளில் கரிய பைகளாகத் தொங்கும். நாய் மூஞ்சி, செம்பட்டைக் கழுத்து, விரித்தால் ஓர் ஆள் கை அகலம். வந்ததும் இடத்துக்குச் சண்டை, கொக்கரிப்பு, அப்புறம் சிறகால் விசிறிக்கொள்ளும் சத்தம், யாரோ ஈரச் சேலையை ஓயாமல் உதறுவதுபோல. அந்த இரைச்சலுக்குள் ஒரு குட்டி தனியாகக் கத்தியது. மெலிந்த, கீச்சென்ற குரல்.

வேலம்மாவின் மார் குபுக்கென்று சுரந்தது. துணி நனைந்து, சூடாக, வயிறுவரை வழிந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்து நனைந்த இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நாலு வயது செவந்தி, வாயைத் திறந்தபடி, நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். இந்தப் பிள்ளை அழுது புரண்டபோதெல்லாம் ஒரு சொட்டும் வராத மார் அது.

இருந்த இரண்டில் ஒன்று போய், மிஞ்சிய ஒன்றுக்கு மூச்சு இல்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, மலையேறி வந்ததிலிருந்தே செவந்திக்கு இழுப்பு. பனி கூடும் மாதங்களில் உதடு நீலம் பாரித்துவிடும். வேலம்மாவின் புருஷன் மாடசாமி தோட்டத்துக்குக் காவல். பொழுது சாய்கிற வேளையில் மரத்துக்கு மரம் ஓடித் தகரம் தட்டி வௌவால் விரட்டுவது அவன் சோலி. விரட்டினால் அடுத்த மரத்துக்குப் போகும். அங்கே விரட்டினால் இங்கே வரும். கனிந்த காயை மோந்து பார்த்துக் கடித்து, வாய்க்குள் வைத்துச் சப்பி, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். காலையில் மரத்தடியெங்கும் வில்லை வில்லையாகச் சக்கை கிடக்கும். மாடசாமி அதைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பான். இது கொய்யா, இது அத்தி, இது கீழ்நாட்டு நாவல், ஒரே ராத்திரியில் மலை இறங்கித் தின்றுவிட்டு ஏறியிருக்கிறது என்று சொல்வான். பல் பதிந்த தடத்தை வைத்துக் கிழடா குமரா என்றும் சொல்வான். இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் வௌவால் வேட்டைக்குப் போகிறவர்களோடு திரிந்து கற்றுக்கொண்டது.

தோட்டத்து மேஸ்திரி பரமானந்தம் அன்று காலை மப்ளரும் குடையுமாக வாசலில் வந்து நின்றார். "ஏலே மாடசாமி, காயெல்லாம் எச்சியாக் கெடக்கு. மொதலாளி வந்து பாத்தா என்னத்தச் சொல்லட்டும்? வவ்வா தின்னுச்சுன்னு சொல்லவா, காவக்காரன் தின்னான்னு சொல்லவா?"

"ஒங்க வயித்தப் பாத்தா நீங்க தின்னதாத்தான் நெனப்பாக."

"வாயி மட்டும் வக்கணையா இருக்கு. தகரம் தட்டுனது போதும்லே. வேரோட தொலைக்க வழியப் பாரு. இல்லாட்டி இந்த வீட்ட வேற ஆளுக்கு விடச் சொல்லிருவாரு." பரமானந்தம் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக்கு இழுப்புன்னியே, அதுக்கும் வவ்வாக் கறிதான மருந்து? ஒரே கல்லு, ரெண்டு மாங்கா."

மாடசாமி வலையை எடுத்துப் பிரித்தான்.

மறுநாள் விடியும்போது ஒரு தாய் விழுந்தது. அவன் சாக்கை அடுப்படியில் கவிழ்த்தபோது வேலம்மா பார்த்தாள்: தடியால் தலையில் அடித்துக் கொன்ற வௌவால், மாரில் குட்டி. கண் திறந்த குட்டி, காம்பைக் கவ்வியபடி, செத்த உடம்பின் மயிரைப் பெருவிரல் கொக்கியால் பற்றிக்கொண்டிருந்தது. மாடசாமி பிய்த்து எடுத்தான். விடவில்லை. இன்னும் இழுத்தான். காம்பும் கூடவே வந்தது.

"குட்டி தூக்குனத விட்டுருவாங்கன்னுதான சொல்வீங்க?" என்றாள் வேலம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

"அது வேட்டைக்காரக சட்டம். அவுக புள்ளைக்கு இழுப்பு இல்ல." அவன் குட்டியைக் கூரைக் குறுக்குமரத்தில், தொட்டில் கயிற்றின் மீதியில், தலைகீழாகத் தொங்கவிட்டான். கயிற்றை யாரும் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. "இத உசுரோட வச்சுக்கணும் புள்ள. இதுதான் பார்வைக் குட்டி. வலைக்குப் பக்கத்துல கட்டித் தொங்க விட்டா, கத்தும். கத்துனா பால்குடி இருக்குற அத்தனை தாயும் தன்னோடதுன்னு எறங்கி வரும். ஒரு வாட்டி போட்டா மரமே காலி. பேரிச்சாறு கொடு, ஆட்டுப்பால் கொடு, என்னத்தையாவது கொடு. சாகக்கூடாது."

கறி வெந்தது. பங்களாவைச் சுற்றி அடிக்கும் அதே வாடை, பழம் புளித்ததும் மூத்திரமும் கலந்தது, வீட்டுக்குள் நிறைந்து கம்பளியில் ஏறியது. மிளகு தட்டிப் போட்ட சாற்றைச் செவந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மத்தியானம் நெஞ்சுக்குள் இருந்த பூனைக்குட்டி அடங்கியது. பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்க் கல்லை உருட்டி விளையாடியது. மாடசாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "பாத்தியா?" என்றான். "பாத்தியா வேலம்மா?"

அவள் பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

குட்டி பேரிச்சாற்றைத் தொடவில்லை. துணியில் நனைத்துக் கொடுத்த ஆட்டுப்பாலைத் துப்பியது. மாடசாமி தகரம் தட்டப் போன பிறகு, மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்ற மாலையில், அது கத்தத் தொடங்கியது. கீச். கொஞ்சம் விட்டு, கீச். ஒவ்வொரு கத்தலுக்கும் மார் விண்ணென்று தெறித்தது. அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். கயிற்றிலிருந்து குட்டியை எடுத்தாள். சூடாக, எலும்பெல்லாம் நரம்புபோல, ஒரு கை நிறைய இருந்தது. மல்லிகைக் கட்டை அவிழ்த்தாள்.

பல் ஊசியாகக் குத்தியது. அப்புறம் வலி இறங்கியது. அத்தனை நாளும் கல்லாய் இருந்தது கரைந்து, கக்கத்திலிருந்து முதுகிலிருந்து விட்டுப்போய், உடம்பு லேசாயிற்று. குட்டி கண்ணை மூடவில்லை. குடிக்கக் குடிக்க, வட்டமான பழுப்புக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சிறகின் தோலால் அவள் விரலைச் சுற்றிப் போர்த்திக்கொண்டது.

அறை மூலையில் செவந்தி விரலைச் சூப்பியபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "ம்மா, எனக்கு?" என்றாள்.

"பேசாம படு," என்றாள் வேலம்மா.

விடியுமுன் மாடசாமி குட்டியை எடுத்துப் போனான். பால் குடித்த குட்டி. குரலில் பலம் இருந்தது. தைலமரங்களுக்கு நடுவே அது கத்தியது வீடுவரை கேட்டது. வானம் இருட்டு நீங்காமல் இருந்தபோதே முதல் சிறகு இறங்கிய சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மழை கொட்டுவதுபோல. வலை முறுகும் சத்தமும் தடி விழும் சத்தமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றும் சாகும்போது குட்டி மேலும் கத்தியது. கத்தக் கத்த மேலும் இறங்கின. வேலம்மா பாயில் உட்கார்ந்து, நனையும் மாரைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தான் ஊட்டிய பலத்தில்தான் அது கத்துகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததைக் கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் நோகவில்லை.

வெயில் ஏறியபோது சாக்குகள் வாசலில் கிடந்தன. கித்தேரியம்மாள் மிஷன் ஸ்கூல் கிச்சனுக்குப் போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "மாதாவே! என்ன மாடசாமி, கல்யாண விருந்தா? மொய் எழுதணுமா?"

"ஒங்க டீச்சரம்மாவுக்கும் இழுப்புதான? ஒண்ணு கொண்டுபோயி சூப்பு வச்சுக் கொடுங்க."

"கொடுத்தா மறுநாள் எனக்கு டிஸ்மிஸ் ஆர்டர்தான்." அவள் வேலம்மாவின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போயிற்று. "என்ன புள்ள, பூவ அவுத்துட்டியா? பால் வத்திருச்சா?"

"வத்திருச்சுக்கா."

"பின்ன என்ன முன்பக்கமெல்லாம் ஈரம்?"

வேலம்மா முந்தானையை இழுத்து மூடினாள்.

மாடசாமி சாக்குகளைச் சுமந்து வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினான். கறி கெடுமுன் விற்க வேண்டும், காசு வசூலித்துத் திரும்ப மூன்று நாளாகும். புறப்படும்போது அவள் கேட்டாள். "அந்தக் குட்டி?"

"எந்தக் குட்டி? ஓ, அதுவா. கொப்புலதான் கெடக்கும். சோலி முடிஞ்சுது, இனி எதுக்கு?"

அவள் தைலமரத்தடிக்குப் போனாள். கொப்புகள் மொட்டையாக நின்றன. தப்பியவை மரத்தை விட்டே போய்விட்டிருந்தன. இரைச்சல் இல்லை, விசிறல் இல்லை. கயிற்றில் சுருக்கு மட்டும் இருந்தது. தரையில், பழைய சக்கையும் எச்சமும் மிதிபட்டுக் கிடந்த சேற்றில், குட்டிகள். தாய் வலைக்கு இறங்குமுன் கொப்பில் விட்டுவிட்டு வந்தவை, தாய் விழுந்தபோது கூடவே விழுந்தவை. சிலவற்றை எறும்பு மொய்த்தது. சில அடிமரத்தில் பெருவிரல் கொக்கியை மாட்டி, ஆள் உயரத்துக்கு ஏறி, அங்கேயே ஒட்டிக் கிடந்தன. அவள் வந்ததும் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின.

ஒன்றும் கத்தவில்லை. மோந்து பார்த்தன.

மார் சுரந்தது. அவள் துடைக்கவில்லை. திரும்பி நடந்தாள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.

அன்று நனைந்த நீல ரவிக்கையை வேலியில் காயப்போட்டாள். மாலையில் காணவில்லை. காற்று அடித்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் பாயைச் சுருட்டும்போது, அவள் தலை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சக்கை கிடந்தது. வில்லையாக, ஈரம் பிழிந்து, பல் தடத்தோடு. புருஷன் செய்வதுபோல விரலால் பிரித்துப் பார்த்தாள். கொய்யா இல்லை. அத்தி இல்லை. நீல நூல். இன்னும் பிரித்தாள். உள்ளே ரவிக்கைக் கொக்கி.

பல் தடம் மிகவும் சின்னதாக இருந்தது.

அடுப்புக்குள் எறிந்தாள். பால் காய்ச்சும்போது வழிந்து தீயும் வாடை வந்தது.

பிறகு அந்தச் சத்தம். பலகைச் சுவரின் வெளிப்பக்கத்தில், தரையை ஒட்டி. கரக். நெடுநேரம் கழித்து, கரக். கொக்கியை மாட்டி, உடம்பை இழுத்து, மறுபடி மாட்டுகிற சத்தம். பறக்கத் தெரியாதது நடந்து வருகிற சத்தம். பகலிலும் கேட்டது, மூடுபனி இறங்கி விளக்கு வேண்டியிருக்கிற கொடைக்கானல் பகல். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் மேலே கேட்டது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். அவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், மிகச் சரியாக அவள் மார் உயரத்தில், சத்தம் நின்றது.

செவந்திக்கு மறுபடி இழுப்பு வந்தது. மீந்த சாற்றுக்கு அது கேட்கவில்லை. கித்தேரியம்மாள் வேலியோரம் நின்று கத்தினாள். "கறியும் கத்தரிக்காயும்! ஹாஸ்பிட்டலுக்குத் தூக்கிட்டு வா புள்ள. எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர் இருக்காங்க, ஊசி போட்டா சரியாப் போகும். வெரசாக் கெளம்பு."

"அவரு வந்துரட்டும்கா."

"அவரு வர்றதுக்குள்ள புள்ள போயிரும்டி. ஏற்கனவே ஒண்ணப் பறிகொடுத்துட்டு நிக்க. புத்தி எங்க போச்சு?"

போகத்தான் வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் பிள்ளையின் உதட்டோரம் நீலம் ஏறியதும், கம்பளியை எடுத்துச் சுற்றினாள். தோளில் போட்டாள். செவந்தியின் மூச்சு காதுக்குள் கிழித்தது. மேட்டில் ஏறினால் ஆஸ்பத்திரி விளக்கு தெரியும். கதவைத் திறந்தால் போதும்.

கதவுத் தாழை எடுத்தாள்.

வாசலில் மூடுபனி. வாசற்படியில் அவை.

பாதையெங்கும் கிடந்தன. முந்தாநாள் அவள் சொட்டிக்கொண்டு வந்த பாதை. சேற்றில் நனைந்து, சிறகைக் கோல்போல ஊன்றி, வயிற்றை இழுத்து வந்தவை. எறும்பு மொய்த்தவையும் இருந்தன. கண் இருந்த இடத்தில் எறும்பு. அவையும் வந்திருந்தன.

கதவைச் சாத்தவில்லை. கை எழவில்லை.

மேலே கரக் என்றது. அண்ணாந்தாள். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கு வழியாக ஒன்று தலையை நுழைத்தது. பின்னால் இன்னொன்று. குறுக்குமரத்தில் வரிசை பிடித்தன. தலைகீழ் முகங்கள். ஒன்றும் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடின.

"ம்மா," என்றாள் செவந்தி. "போலாம்."

கால் விரலில் ஒரு கொக்கி மாட்டியது. ஊசிக் குத்து. பிறகு கணுக்காலில். சேலை மடிப்பில். அவை ஏறின. அவசரம் இல்லை. கனம் கூடிக்கொண்டே போயிற்று. தோளில் இடம் வேண்டியிருந்தது.

அவள் செவந்தியை இறக்கித் தரையில் விட்டாள்.

பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்தது. மூச்சு கிழிந்தது. மறுபடி இழுத்தது. வேலம்மா குனியவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். நீட்டிய கைகளில், ஒன்றன்பின் ஒன்றாக, அவை தலைகீழாகத் தொங்கின. தோளிலிருந்து, முழங்கையிலிருந்து, விரல் நுனிகளிலிருந்து. ஈரச் சிறகுகளைப் போர்த்திக்கொண்டன. மாரில் பல் இறங்கியது. ஒரு வாய். பல வாய்.

வலி விட்டுப்போயிற்று. எல்லா இடத்திலும்.

கீழே இழுப்பு கேட்டது. கொஞ்சம் விட்டு, கேட்டது. முந்தானை ஒரு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை.

திறந்த கதவு வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தன. பாதை முடிகிற இடம் தெரியவில்லை. இறங்க மரம் இல்லாதவை, குடிக்க மார் இல்லாதவை. அவள் கைகளைத் தாழ்த்தவில்லை. ஒரு மரம் நிறையத் தாய்மாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி. இதுவரை கொடுத்தது ஒருத்தியை, தன்னைத்தான்.